சின்ன வகுப்புக் கேள்விகள்: நர்சரி, பிரைமரி பெற்றோருக்கு

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு சுற்றுவட்டாரத்திலிருந்து தனியார் நர்சரி, பிரைமரி பள்ளிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

*

என் மகள் 2-ஆம் வகுப்பு. இங்கிலீஷ் பாடத்தை மடமடவென்று வாசிக்கிறாள், டெஸ்டில் 20-க்கு 20 வாங்குகிறாள். ஆனால் கடைப் பலகையில் இருக்கும் மூன்றெழுத்து வார்த்தைகூட அவளுக்கு வாசிக்க வரவில்லை. மிஸ்ஸிடம் கேட்டால் "நல்லாத்தானே படிக்கிறா" என்கிறார். எங்கே குறை?
— வாசகி, காந்தி நகர், காட்பாடி

உங்கள் மகளுக்குப் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது, வாசிப்பு இன்னும் வரவில்லை. வகுப்பில் டீச்சர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்வார்கள். பத்து தடவை கேட்ட பாடத்தை எந்தப் பிள்ளையும் ஒப்பித்துவிடும். வரும் டெஸ்டும் அதே பாடத்திலிருந்துதான். அதனால் மார்க்கில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, பாடத்தின் கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்து, பாடத்தில் வரும் எட்டு வார்த்தைகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டுக் காட்டுங்கள். கடைசியாக, பாடத்தில் இல்லாத, ஆனால் அவளுக்குத் தெரிந்த எழுத்துகளால் ஆன சின்ன வார்த்தைகளைக் கொடுங்கள். மூன்றாவதில் தடுமாறினால் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 2-ஆம் வகுப்பில் தொடங்குவது தாமதமே இல்லை.

பெரும்பாலும் காரணம் இதுதான்: பிள்ளைக்கு எழுத்தின் பெயர் தெரியும், ஒலி தெரியாது. ‘சீ, ஏ, டீ’ என்று எத்தனை முறை சொன்னாலும் அது ‘கேட்’ (cat) ஆகாது. ‘க்’, ‘ஏ’, ‘ட்’ என்று ஒலிகளைச் சேர்த்தால்தான் ஆகும். எஸ், ஏ, டீ, ஐ, பீ, என் (s, a, t, i, p, n) ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலியிலிருந்து ஆரம்பியுங்கள். இந்த ஆறை வைத்தே ‘சேட், டேப், பின், டின், நேப், ஸ்பின்’ என்று ஏராளமான வார்த்தைகள் அமைத்துவிடலாம். அதனால்தான் ஒலிமுறைப் பாடங்கள் இவற்றை முதலில் வைக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு ஒலி. ஆறும் வந்ததும் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வார்த்தை ஆக்குங்கள். தினமும் 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

தமிழ் வீடுகளில் இங்கே ஒரு தவறு தவறாமல் நடக்கிறது. மெய் ஒலியின் வாலில் நாம் ஒரு ‘உ’வை ஒட்டிவிடுகிறோம். ‘ட்’ என்பதற்கு ‘டு’, ‘ப்’ என்பதற்கு ‘பு’. பிள்ளை ‘டு-ஏ-பு’ என்று சேர்த்துப் பார்க்கும், ‘டேப்’ கிடைக்காது, சோர்ந்து போய் ஊகிக்க ஆரம்பிக்கும். ஒலியை வெட்டிச் சொல்லிப் பழக்குங்கள்.

இன்னொன்று: பேட்டுக்கு (bat) வரும் ‘பி’, பென்னுக்கு (pen) வரும் ‘பி’ இரண்டுக்கும் தமிழில் ஒரே எழுத்துதான். அதனால் பிள்ளையின் காது அவற்றைப் பிரித்துப் பழகியிருக்காது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். பேட் என்று தொடங்கும்போதே விரலில் அதிர்வு தெரியும், பென்னுக்கு அது சற்றுத் தாமதித்துத்தான் வரும். ‘டாக், டாப்’ (dog, top), ‘கோட், கோல்ட்’ (coat, gold) என்று டகர, ககர ஜோடிகளுக்கும் இதே வழிதான்.

ஒலிக்கு அடங்காத ‘தி, வாஸ், செட், ஒன்’ (the, was, said, one) போன்ற வார்த்தைகளை முழு வார்த்தையாகவே கண்ணில் பதிய வைக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று போதும். மிஸ்ஸைப் பார்க்கும்போது மார்க்கைப் பற்றிக் கேட்காதீர்கள். "பாடத்தில் இல்லாத ஒரு வரியை இவள் வாசித்தாளா?" என்று கேளுங்கள்.

*

மகன் 3-ஆம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுத்து 247-ஐயும் வரிசையாக எழுதிக் காட்டுகிறான். கதைப் புத்தகம் கொடுத்தால் எழுத்துக் கூட்டியே களைத்துப் போகிறான்.
— வாசகர், தொரப்பாடி

வரிசையாக எழுதுவதற்குக் கை பழகியிருக்கிறது. நடுவிலிருந்து ‘ணே’ என்று ஒன்றைக் காட்டினால் ‘ண’விலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து சேருவான். அதைக் கவனித்துப் பாருங்கள்.

247-ஐயும் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், அவற்றோடு சேரும் குறியீடுகள் தெரிந்தால் போதும். குறியீடுகளை எளிதிலிருந்து கடினத்துக்கு இந்த வரிசையில் எடுங்கள். முதலில் குறியீடே இல்லாத ‘ட, ப, ம, ர, க, த’ வைத்துப் ‘படம், மரம், பட்டம், தகரம்’. பிறகு துணைக்கால். இங்கே பிள்ளைகள் துணைக்காலை ‘ர’ என்று வாசிப்பார்கள், ‘கா’வும் ‘கர’வும் ஒன்றாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ‘மாம், மரம்’, ‘பாடம், பரடம்’ என்று வேண்டுமென்றே பொருளில்லாத சொற்களையும் கலந்து கொடுங்கள், ஊகித்துச் சொல்ல முடியாது. அடுத்து இகர, ஈகாரம்.

உகர, ஊகாரத்துக்கு நிறைய நாள் ஒதுக்குங்கள். ‘கு, சு, டு, து, மு, ரு’ என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிற இடம் அது. அதைப் பொதுவான குறியீடாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை குழம்பிவிடும். ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும்.

கொம்பு வரும் எழுத்துகள் கடைசி. ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போகும் கண் கொம்பில் வந்து நின்றுவிடும். "கொம்பைப் பார்த்தால் நிற்காதே, அடுத்த எழுத்தோடு சேர்த்துப் பிடி" என்று விரலால் இரண்டையும் ஒன்றாக மூடிக் காட்டுங்கள். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் தெரிய ‘செடி, சேடி’, ‘கெடு, கேடு’ மாதிரி ஜோடிகள் நல்லது. ‘கொ’ என்பது கொம்பும் காலும் இருபுறமும் நிற்பது. இது புரிந்தால் ‘கோ’ தானாக வந்துவிடும்.

லகர ளகர ழகரம், ரகர றகரம், னகர ணகரம் எல்லாம் எழுத்துப்பிழைச் சிக்கல்கள். வாசிக்கத் தொடங்கும் பிள்ளையை அதற்காக நடுவில் நிறுத்தாதீர்கள். வாசிப்பு ஓட்டம் வந்த பிறகு திருத்திக்கொள்ளலாம்.

தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. 1-ஆம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடம் ஆனது. ஆகவே "தமிழுக்குப் பதில் வேறு லாங்வேஜ் மாற்றிவிடலாமா" என்று யோசிப்பதைவிட இப்போதே 15 நிமிடம் ஒதுக்குவது மேல்.

*

வீட்டில் உருது பேசுகிறோம். "வீட்டிலும் இங்கிலீஷ் பேசுங்க, அப்பத்தான் பிள்ளை தேறும்" என்று பள்ளியில் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, பேரணாம்பட்டு

வேண்டாம் அம்மா. இதே கேள்வி குடியாத்தம் பக்கத்துத் தெலுங்கு பேசும் வீடுகளிலிருந்தும் வந்திருக்கிறது, பதிலும் ஒன்றேதான். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் பிள்ளையோடு நீளமாகப் பேசுவீர்கள், கதை சொல்வீர்கள், ஏன் எதற்கு என்று விளக்குவீர்கள். அரைகுறை இங்கிலீஷில் "கம், ஈட், ஸ்லீப்" என்று மூன்று வார்த்தைக்குள் பேச்சு சுருங்கிவிட்டால், பிள்ளைக்கு எந்த மொழியிலும் சொல்வளம் சேராது. வீட்டு மொழியில் காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை பள்ளி மொழியைப் பிடித்துக்கொள்ளும். இரவில் ஒரு கதையை உருதுவில் சொல்லுங்கள். மறுநாள் அதே கதையைத் தமிழிலோ இங்கிலீஷிலோ இரண்டு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சேர்ந்த புதிதில் சில மாதங்கள் வகுப்பில் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. ஆனால் எந்த மொழியிலுமே பேச்சு குறைவாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.

*

2-ஆம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடக்கிறது. 52-இல் 27 போனால் 35 என்று போடுகிறான். எத்தனை கணக்கு போட வைத்தாலும் அதே தவறு. சிலசமயம் ஐம்பத்திரண்டை 502 என்று எழுதுகிறான்.
— வாசகர், கொசப்பேட்டை

இரண்டு தவறும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. 52 என்பதில் 5 என்பது ஐந்து பத்துகள் என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. காதில் விழுவது ‘ஐம்பது, இரண்டு’. எழுதுவது 50, அதன் பக்கத்தில் 2. கழித்தலில் "சிறியதைப் பெரியதிலிருந்து எடு" என்று பழக்கியதால் 7-இலிருந்து 2, 5-இலிருந்து 2 எடுத்து 35 என்கிறான். இன்னும் ஐம்பது கணக்கு போட வைத்தால் தவறுதான் நன்றாகப் பழகும்.

ஒரு வாரம் நோட்டை மூடி வையுங்கள். ஈர்க்குச்சியையோ ஐஸ் குச்சியையோ பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். பத்துக் கட்டு, இருபது உதிரி இருந்தால் போதும். 52 எடு என்றால் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் எடுக்க வேண்டும். 27 கொடு என்று கையை நீட்டுங்கள். ஏழு உதிரி தர முடியாது. அவனே திகைத்து நிற்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கட்டைப் பிரிக்கலாமா என்று அவன் கேட்கும் இடம்தான் பாடம். பிரித்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு கொடுத்தால் ஐந்து மிச்சம், இரண்டு கட்டு கொடுத்தால் இரண்டு மிச்சம். 25.

மூன்று நான்கு நாள் குச்சியில் மட்டும். பிறகு குச்சியில் செய்வதை அப்படியே பக்கத்தில் எழுத வேண்டும். கட்டைப் பிரித்ததும் 5-ஐ அடித்து 4, 2-ஐ அடித்து 12. அடிக்கிற அடி ஏன் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு குச்சி இல்லாமல். ஒவ்வொரு விடையையும் கூட்டிச் சரிபார்க்கப் பழக்குங்கள்: 25-உம் 27-உம் 52. இதை வழக்கமாக்கிய பிள்ளை தன் தவறைத் தானே பிடிக்கும்.

502-க்கு அட்டை செய்யுங்கள். 10 முதல் 90 வரை நீள அட்டை, 1 முதல் 9 வரை அதில் பாதி அகல அட்டை. 50-இன் பூஜ்யத்தின் மேல் 2-ஐ வைத்தால் 52. பூஜ்யம் அடியில் ஒளிந்திருப்பதைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

3-ஆம் வகுப்பில் நடுவில் பூஜ்யம் வரும்போது இதே சிக்கல் மறுபடி தலைதூக்கும். 403-இல் 168 என்றால், நூறிலிருந்து நேராக ஒன்றுக்குத் தாவி, பத்து இடத்தை விட்டுவிட்டு 265 என்பார்கள். நூறு குச்சிக் கட்டை முதலில் பத்துக் கட்டுகளாகவும், அதில் ஒன்றைப் பத்து உதிரிகளாகவும் பிரித்துக் காட்டுங்கள். கையில் இருப்பது 3 நூறு, 9 பத்து, 13 ஒன்று. விடை 235. பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய்க் காசும் வைத்தும் செய்யலாம். ஆனால் நோட்டைப் பிரித்துப் பார்க்க முடியாதே, முதல் வாரத்துக்குக் குச்சிதான் சிறந்தது.

*

எல்.கே.ஜி. சேர்க்கப் போகிறோம். ஒரு பள்ளியில் பிள்ளைக்கும் எங்களுக்கும் இண்டர்வியூ என்கிறார்கள். எதைப் பார்த்துப் பள்ளியை முடிவு செய்வது?
— வாசகி, சத்துவாச்சாரி

சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. நன்கொடை வாங்குவதையும் அதே பிரிவுதான் தடுக்கிறது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜூலை 31-க்குள் 3 வயது முடிந்திருந்தால் எல்.கே.ஜி., 5 முடிந்திருந்தால் 1-ஆம் வகுப்பு. சில மாதம் முன்கூட்டியே தள்ளிவிட ஆசைப்படாதீர்கள். மூன்று வயதில் ஆறு மாத வித்தியாசம் மிகப் பெரியது. பென்சில் பிடிப்பதிலிருந்து பாத்ரூம் சொல்வது வரை எல்லாவற்றிலும் அது தெரியும்.

பள்ளியைப் பார்க்க, வேலை நாளில் காலை பத்தரை மணிக்குப் போங்கள். ஆண்டு விழாப் படங்களைக் காட்டுவார்கள், பார்த்துவிட்டு வகுப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள்? தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் சொல்வது 30. எல்.கே.ஜி.யில் ஆயா கட்டாயம் இருக்க வேண்டும். எல்.கே.ஜி., யு.கே.ஜி. தரைத்தளத்தில் இருக்கிறதா? கழிவறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுமா, உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க முடியுமா? சுவரில் ஒட்டியிருக்கும் படங்கள் எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் அவை டீச்சர் வரைந்தவை. கோணல்மாணலாக, ஒவ்வொன்றும் வேறுவேறாக இருந்தால் பிள்ளைகள் வரைந்தவை. நாங்கள் இரண்டாவது பள்ளியைத்தான் தேர்ந்தெடுப்போம்.

அங்கீகார ஆணை எந்தத் தேதி வரை, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் நடப்பில் உள்ளனவா என்று தயங்காமல் கேளுங்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். கூரைக் கொட்டகையும் குறுகலான வழியும் அந்தக் கட்டடத்தில் இருந்தன. மாடிப்படி ஒன்றா இரண்டா, வெளியே போகும் கதவு பள்ளி நேரத்தில் பூட்டிக் கிடக்கிறதா என்று நீங்களே நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

*

25 சதவீத இலவச இடத்துக்கு யார் விண்ணப்பிக்கலாம்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது, எங்களுக்கு நிராகரித்துவிட்டார்கள்.
— வாசகர், குடியாத்தம்

கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில், அதாவது எல்.கே.ஜி. அல்லது 1-ஆம் வகுப்பில், நூற்றுக்கு 25 இடங்கள். 40 பிள்ளைகள் சேர்க்கும் பள்ளியில் 10 இடம். நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறன் குழந்தைகள், ஆதரவற்ற குழந்தைகள் முதலியோர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருவார்கள். அவர்களுக்குச் சாதிச் சான்றோ உரிய சான்றோ போதும். வீட்டுக்கும் பள்ளிக்கும் 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் கூடினால் குலுக்கல். கிடைத்தால் 8-ஆம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. பஸ் கட்டணம் இதில் சேராது.

நிராகரிப்புக்கு வழக்கமான காரணங்கள்: பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து. வாடகை வீடு மாறியும் ரேஷன் கார்டில் பழைய முகவரி. இன்னொன்று இந்தப் பக்கத்துக்கே உரியது. 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு ஆற்காடு, வாலாஜா எல்லாம் ராணிப்பேட்டையிலும், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் திருப்பத்தூரிலும் சேர்ந்துவிட்டன. பழைய அட்டைகளில் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். குடியாத்தம் வேலூரிலேயேதான் இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சிக்கல் வந்திருக்காது, முகவரியைப் பாருங்கள்.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலூரில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய, ஆகவே பள்ளியின் பெயர் ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் அறிவிப்பு வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வரும் மாதம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அதன் பிறகு ஓடினால் வரிசையில் நிற்பதற்கே நாள் போய்விடும்.

*

கட்டணத்துக்கு ரசீது கேட்டால் வெள்ளைத் தாளில் எழுதித் தருகிறார்கள்.
— வாசகர், ஆற்காடு

வாங்காதீர்கள். தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. ஒருமுறை நிர்ணயித்தால் 3 கல்வியாண்டுக்குச் செல்லும். அந்த ஆணையின் நகலைப் பள்ளியில் கேளுங்கள், உங்கள் வகுப்புக்கு என்ன தொகை என்று பாருங்கள். கூடுதலாக வாங்கினால் அந்தக் குழுவிடமே எழுத்தில் புகார் தரலாம், ரசீதின் நகலோடு. அதற்காகத்தான் அச்சிட்ட ரசீது வேண்டும் என்கிறோம்.

*

யு.கே.ஜி. மகள் தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டு வருகிறாள். சாப்பாடும் பாதிதான். ஜூன் மாத வெயிலில் பயமாக இருக்கிறது.
— வாசகி, வேலப்பாடி

பள்ளி திறக்கும் ஜூனிலும் வேலூர் வெயில் தணிவதில்லை, உங்கள் பயம் நியாயமானது. பாட்டில் அப்படியே வந்தால் முதலில் பள்ளிக் கழிவறையைப் பற்றி விசாரியுங்கள். நாற்றம், இருட்டு, ஈரத் தரை, தாழ்ப்பாள் பயம், ஆயாவிடம் கேட்கக் கூச்சம் — இவற்றில் ஏதோ ஒன்றால் பிள்ளைகள் தண்ணீரைத் தாங்களே குறைத்துக்கொள்வார்கள். அடக்கிப் பழகினால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று வரை போகும். மாலையில் சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். பள்ளி நேரத்தில் அரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். பாட்டிலில் ரப்பர் பேண்ட் இரண்டு போட்டு, இன்டர்வெலுக்குள் இந்தக் கோடு, சாப்பாட்டுக்குள் அந்தக் கோடு என்று சொல்லி அனுப்புங்கள். எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் கோடு புரியும். தண்ணீருக்கு மணி அடிக்க முடியுமா என்று பள்ளியிலும் கேளுங்கள், பல பள்ளிகள் அடிக்கின்றன.

சாப்பாடு மிஞ்சுவதற்கு ருசியைவிட நேரமும் மூடியும்தான் காரணம். இறுக்கமான ஸ்டீல் டப்பாவை ஐந்து வயது விரல்கள் திறக்காது. திறக்க முடியாத பிள்ளை கேட்கத் தயங்கி ஸ்நாக்ஸை மட்டும் தின்றுவிட்டு வரும். வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே டப்பாவில், அதே ஸ்பூனில், 20 நிமிடக் கெடு வைத்துச் சாப்பிட வைத்துப் பாருங்கள். எவ்வளவு முடிகிறதோ அவ்வளவுதான் கட்டிக் கொடுக்க வேண்டும்.

தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். குழைந்த சாதம் ஒரு கப்புக்கு முக்கால் கப் காய்ச்சிய பால் விட்டு மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு ஒரு டீஸ்பூன் தயிர் மட்டும் கலந்து மூடுங்கள். காலை ஏழுக்குக் கலந்தது பன்னிரண்டரைக்கு இளம் தயிராக இருக்கும். கொதிக்கிற சாதத்தில் தயிர் விட்டால் தோயாது. மார்கழிக் குளிரில் தயிரை இரண்டு டீஸ்பூனாக்குங்கள்.

*

1-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 4 கிலோ பை. தினமும் மூன்று பாடத்தில் ஹோம்வொர்க்.
— வாசகர், பாகாயம்

பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 2020-இன் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை 1, 2 வகுப்புகளுக்குச் சொல்வது 1.6 முதல் 2.2 கிலோ வரை. இந்த இரண்டு வகுப்புகளுக்கும் ஹோம்வொர்க் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடை போடுங்கள். ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் மட்டுமே ஒன்றேகால் கிலோவைத் தாண்டும். பள்ளியில் குடிநீர் நன்றாக இருந்தால் அரை லிட்டர் பாட்டில் போதும், அங்கே நிரப்பிக்கொள்ளலாம். நோட்டுகளை வகுப்பிலேயே வைக்க ஒரு அலமாரி கேளுங்கள். ஒருவர் கேட்டால் மழுப்புவார்கள், பத்துப் பெற்றோர் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கொடுத்தால் பதில் வரும்.

*

மகனை வேனில் அனுப்புகிறோம், சர்வீஸ் ரோட்டில் ஏற்றி இறக்குகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, ரங்காபுரம்

2012-இல் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. ஆகவே முதலில் தளத்தைப் பாருங்கள். மேட் விரித்திருந்தால் தூக்கிப் பாருங்கள். மஞ்சள் நிறம், பள்ளியின் பெயர், போன் நம்பர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. அவசர வழியின் குறுக்கே சீட்டோ பையோ அடைத்திருக்கக் கூடாது. உதவியாளர் இல்லாமல் வண்டி வந்தால் அன்றே பள்ளிக்குச் சொல்லுங்கள்.

விபத்துகள் பலவும் இறங்கிய அடுத்த சில வினாடிகளில் நடக்கின்றன. வண்டியின் முகப்பை ஒட்டிக் கடக்கும் குட்டிப் பிள்ளை டிரைவருக்குத் தெரியாது. நீங்கள் எதிர்ப்புறம் நின்று கையசைத்தால் அவன் குறுக்கே ஓடி வருவான். கதவு இருக்கும் பக்கமே நில்லுங்கள், வண்டி கிளம்பிப் போன பிறகு சேர்ந்து கடக்கலாம். பள்ளி ஆட்டோ என்றால் டிரைவர் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைக்க விடாதீர்கள்.

*

டீச்சர் ஸ்கேலால் அடித்திருக்கிறார். கேட்டால் பிள்ளைக்குத் தொல்லை வருமோ?
— பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. தழும்பு இருந்தால் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் போகலாம். 14417-இல் பள்ளிக் கல்வித் துறையையும், 1098-இல் குழந்தைகள் உதவி மையத்தையும் அழைக்கலாம். பிள்ளையை நிற்க வைத்துத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். ஒருமுறை பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.

*

பள்ளியில் சுற்றுலா என்று தூரமாக அழைத்துப் போகிறார்கள். பக்கத்திலேயே ஏதும் கிடையாதா?
— வாசகர், சாயிநாதபுரம்

வேலூர்க் கோட்டை இருக்கிறதே! அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில், அரசு அருங்காட்சியகம் எல்லாம் ஒரே இடத்தில். 1806 ஜூலை 10-இல் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம். மக்கான் சந்திப்பில் நினைவுத் தூணும் உண்டு. சத்துவாச்சாரியில் மாவட்ட அறிவியல் மையம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டினால் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் மட்டும்தான் நினைவிருக்கும். ஒரு பயணத்துக்கு ஓர் இடம், ஒரு வேலை. கோயில் தூணில் ஒரே ஒரு சிற்பத்தைப் பத்து நிமிடம் பார்த்து வரையட்டும், அல்லது அகழியோரம் இருநூறு அடி நடந்து கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி எழுதட்டும்.

*

மகள் இடது கைப்பழக்கம். யு.கே.ஜி.யிலேயே கர்சிவ் எழுதச் சொல்கிறார்கள். கை வலிக்கிறது என்று அழுகிறாள். வலது கைக்கு மாற்றலாமா?
— வாசகி, வாலாஜாப்பேட்டை

மாற்றக் கூடாது. இடது கை அவள் உடம்பின் அமைப்பு, கட்டாயப்படுத்தினால் எழுத்தின் மீதே வெறுப்பு வரும். யு.கே.ஜி. பிள்ளையின் விரல் தசை இன்னும் உறுதிப்படவில்லை. நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாகக் கர்சிவ் எழுதும் வயது அது இல்லை. அச்செழுத்து நன்றாக வந்த பிறகு சேர்த்தெழுத்து தானே வரும் என்று மிஸ்ஸிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வீட்டில் சப்பாத்தி மாவு பிசைவது, துணி கிளிப் மாட்டுவது, ஊறிய பட்டாணித் தோல் உரிப்பது எல்லாம் விரலுக்கு நல்ல பயிற்சி. பென்சில் நீளமாக இருந்தால் முஷ்டியாகப் பிடிப்பார்கள். விரல் நீளத் துண்டுப் பென்சிலோ, உடைந்த சாக்பீஸோ கொடுத்தால் மூன்று விரல் பிடிப்புத் தானாக அமையும்.

இடது கைக்காரர்கள் எழுதும்போது கை எழுத்தை மறைத்துவிடும். அதனால்தான் மணிக்கட்டைக் கொக்கி போல வளைத்து எழுதுகிறார்கள், வலியும் அங்கேதான் தொடங்குகிறது. நோட்டை உடம்பின் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் நகர்த்தி, கடிகார முள் சுற்றும் திசையில் லேசாகச் சாய்த்து வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து 3 சென்டிமீட்டர் மேலே பிடிக்கட்டும், எழுதுவது கண்ணுக்குத் தெரியும். முனை மழுங்கலான, மென்மையான பென்சில் கொடுங்கள், கூரான முனை தாளைக் குத்திக் கிழிக்கும். கத்தரிக்கோலும் இடது கைக்கென்று தனியாகக் கிடைக்கிறது. வகுப்பில் அவளைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளையின் வலது முழங்கையும் இவளுடைய இடது முழங்கையும் நாள் முழுக்க இடித்துக்கொண்டே இருக்கும்.